நாய்க்கும் கல் நட்ட நாடு!

பெங்களூர் ஹெப்பால் மேம்பாலத்தில் காலை வேளையில் பஸ் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். முன்னால் போகவும் வழி கிடையாது; பின்னால் திரும்பவும் வழி கிடையாது. வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்து நிற்பவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். அந்தக் கூட்டத்தில் கிட்டய்யாவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கிட்டய்யா ஹெப்பாலுக்காக உயிரைக் கொடுத்த வீரன். அவன் மாண்டு ஏறத்தாழ 1,270 ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்காக நடப்பட்ட கல் 2018-ம் ஆண்டு ஹெப்பாலில் கண்டெடுக்கப்பட்டது. அதில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது ஆராய்ச்சியாளர்களே வியந்தார்கள். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட காலத்தைச் சேர்ந்தது அது. அதாவது, கி.பி. 750-ஐ ஒட்டியது. பெங்களூர் நகரத்தில் கிடைத்துள்ள கன்னடக் கல்வெட்டுகளிலேயே பழமையானது என்று அதைச் சொல்கிறார்கள்.

கல் சொல்லும் செய்தி சுருக்கமானது. ரட்டர்களின் படை இந்தப் பக்கம் வந்தது. கிட்டய்யா எதிர்த்து நின்றான். மாண்டான். அவ்வளவுதான். அந்தக் கல்வெட்டில் 'பெர்பொழல் நாடு' என்று ஒரு பெயர் வருகிறது. பெரிய பொழல், அதாவது பெரிய ஊர் என்று பொருள். பழைய கன்னடத்தில் 'ப' என்று இருந்த எழுத்து பிற்காலத்தில் 'ஹ' ஆகிவிட்டது. பால் 'ஹாலு' ஆனதும், பள்ளி 'ஹள்ளி' ஆனதும் இப்படித்தான். அந்தப் பெர்பொழல்தான் இன்றைய ஹெப்பால்!

பஸ் கண்டக்டர் தினமும் நூறு தடவை கூவும் ஓர் ஊர்ப் பெயரின் பிறப்புச் சான்றிதழ், ஒரு வீரனின் சாவைச் சொல்லும் கல்லில் இருந்திருக்கிறது.

மூன்று அடுக்குக் கதை

தமிழில் நடுகல் என்று சொல்வதைக் கன்னடத்தில் 'வீரகல்லு' என்கிறார்கள். கர்நாடகத்தில் இந்தக் கற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஏரிக்கரையில், கோயில் மதிலோரத்தில், அரசமரத்தடியில், வயல் வரப்பில் என்று எங்கே பார்த்தாலும் நிற்கின்றன. பெரும்பாலும் இடுப்பளவு உயரம். சில கற்கள் ஆளை விட உயரமாக இருக்கும்.

படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி செதுக்கியிருப்பதுதான் இவற்றின் சிறப்பு. பிற்காலத்துக் கற்களில் பெரும்பாலும் மூன்று அடுக்குகள் இருக்கும். கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடியில் உள்ள அடுக்கில் சண்டை நடக்கிறது. கையில் வில்லோ வாளோ ஏந்தி வீரன் நிற்கிறான், எதிரே பகைவர்கள். நடு அடுக்கில் அவன் இறந்துவிட்டான். தேவகன்னிகைகள் இரு பக்கமும் தாங்கி அவனை மேலே கொண்டு போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் கைலாயம் சேர்ந்துவிட்டான். சிவலிங்கத்தின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் நந்தி. உச்சியில் சூரியனும் பிறைச்சந்திரனும் இருக்கும். 'சூரிய சந்திரர் உள்ளவரை இவன் புகழ் நிற்கும்' என்பது அதன் பொருள்.

கிட்டய்யாவின் காலத்தைப் போன்ற பழைய காலத்துக் கற்களில் இந்த அடுக்குகள் இருப்பதில்லை. வீரன் ஒருவன் மட்டும் ஆயுதத்தோடு நிற்பான். சுற்றிலும் எழுத்து ஓடும். அடுக்குகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

இந்தக் கற்களின் அடியில் உடல் இருக்க வேண்டும் என்பதில்லை. எரித்த வீரனுக்கும் கல் நட்டார்கள். வெளியூர்ப் போரில் மடிந்தவனுக்குச் சொந்த ஊரிலும் நட்டார்கள். கல்லறை என்பதை விட, ஊர் எழுப்பிய ஞாபகச் சின்னம் என்பதே பொருந்தும்.

மாட்டுக்காக மாண்டவர்கள்

இந்த வீரர்கள் எதற்காகச் செத்தார்கள்? மன்னர்களின் பெரும் போர்களில் மாண்டவர்கள் உண்டு. ஆனால் சிற்றூர்ச் சண்டைகளில் விழுந்தவர்களும் ஏராளம். பக்கத்து நாட்டுக்காரன் இரவோடு இரவாக வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போவான். ஊர்க்காரன் துரத்திப் போவான். மாடுகள் மீளும், அவன் மீள மாட்டான்.

கன்னடக் கல்வெட்டுகள் இதைத் 'துறுகோள்' என்கின்றன. 'துறு' என்றால் மாடு. தமிழ் இலக்கணம் இதையே ஆநிரை கவர்தல், ஆநிரை மீட்டல் என்று பிரித்து, கவர்பவனுக்கு வெட்சிப் பூவும் மீட்பவனுக்குக் கரந்தைப் பூவும் சூட்டியது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பாடம், கர்நாடகத்து வயல்வெளிகளில் கல்லாக நின்றுகொண்டிருக்கிறது.

மாடுதான் அன்று சொத்து. உழவும் அதுதான், உணவும் அதுதான், வண்டியும் அதுதான். மாட்டை இழந்த ஊர் அடுத்த விதைப்புக்கு வழியில்லாமல் நிற்கும். ஆகவே மாட்டுக்காகச் செத்தவன் ஊருக்காகச் செத்தவன்.

பெண்களின் மானத்தைக் காக்கப் போய் மாண்டவர்களுக்கும் கல் உண்டு. ஊருக்குள் புகுந்த புலியைக் குத்திவிட்டுத் தானும் செத்தவனுக்கும் உண்டு. கொங்கு நாட்டில் 'புலிகுத்திக்கல்' என்று இதைச் சொல்வார்கள்.

சரி, செத்தவனுக்குக் கல் நட்டாயிற்று. அவன் குடும்பம் என்ன ஆவது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இறந்த வீரனின் வாரிசுகளுக்கு நிலம் விட்டுக் கொடுப்பது வழக்கம். கன்னடத்தில் அதற்கு 'நெத்தரு கொடகை' என்று பெயர். 'நெத்தரு' என்றால் இரத்தம். தமிழ்க் கல்வெட்டுகளில் இதே மானியம் 'உதிரப்பட்டி' என்று வரும். இன்று அரசு ஊழியர் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடைப்பது போன்ற ஏற்பாடு. நிலத்தின் அளவையும் எல்லையையும் சில சமயம் அதே கல்லில் வெட்டி வைத்தார்கள். பின்னால் எவனும் வந்து, 'இது யார் கொடுத்த நிலம்?' என்று கேட்கக் கூடாது அல்லவா?

ஊரின் பெயரைக் காத்த கல்

பெங்களூருக்குப் பெயர் வந்த கதையை இங்கே வந்து குடியேறிய தமிழர்களில் கேட்காதவர்கள் குறைவு. ஹொய்சள மன்னன் வீரபல்லாளன் வேட்டைக்குப் போய்க் காட்டில் வழி தவறிவிட்டான். பசி வாட்டியது. ஒரு குடிசையில் இருந்த கிழவி, வேகவைத்த பயறு கொடுத்துப் பசியாற்றினாள். மன்னன் மகிழ்ந்து அந்த இடத்துக்கு 'பெந்த காளூரு', அதாவது 'வெந்த பயறு ஊர்' என்று பெயர் வைத்தான். அதுவே பெங்களூர் ஆயிற்று!

நல்ல கதைதான். ஆனால் பேகூரில் உள்ள ஒரு நடுகல் இதை மறுக்கிறது.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலைக்கு அந்தப் பக்கம் பேகூர் இருக்கிறது. அங்கே உள்ள நாகேசுவரர் கோயில் கங்கர் காலத்துப் பழமை உடையது. அந்தக் கோயில் வளாகத்தில் உள்ள ஒரு கல்லில், 'பெங்களூரு' என்ற இடத்தில் நடந்த போரில் நாகத்தரன் என்ற தலைவனைச் சேர்ந்தவர்கள் மாண்ட செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அதன் காலம் கி.பி. 890-ஐ ஒட்டியது. ஹொய்சள வம்சத்தில் பல்லாளன் என்ற பெயரோடு முதன்முதலில் அரியணை ஏறியவனே 1100-க்குப் பிறகுதான் வருகிறான். அவன் பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூர் என்ற பெயர் இருந்திருக்கிறது. அங்கே ஒரு சண்டையும் நடந்திருக்கிறது.

நாகத்தரனும் பின்னால் ஒரு போரில் விழுந்தான். அவனுக்காக எடுத்த கல்லும் பேகூரில் இருந்ததுதான். யானைகளும் குதிரைகளும் காலாட்களும் மோதும் போர்க்களத்தையே ஒரு பலகையில் அடைத்தது போன்ற சிற்பம் அது. அந்தக் கல் பின்னர் பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அதே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மற்றொரு கல் உண்டு. தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கல் அது. அதில் வீரன் இல்லை. ஒரு நாயும் ஒரு காட்டுப் பன்றியும் கட்டிப் புரள்கின்றன!

காளி என்ற வேட்டைநாய்

மண்டியா மாவட்டம் மத்தூர் பக்கத்தில் ஆதகூர் என்ற கிராமம் இருக்கிறது. கல் அங்கிருந்து வந்தது. அதன் காலம் சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50.

அந்தச் சமயத்தில்தான் தக்கோலத்தில் பெரும் போர் நடந்தது. தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் அதன் அருகே கடந்துதான் போகிறார்கள். ஒரு பக்கம் சோழர் படை. அதற்குத் தலைமை, பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன். மறுபக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பூதுகன். போரில் யானை மேல் இருந்த இராசாதித்தனைப் பூதுகன் கொன்றான். சோழநாடு ஆட்டம் கண்டது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் அந்த இளவரசனை 'ஆனைமேல் துஞ்சினவர்' என்று மரியாதையோடு குறிப்பிடுகின்றன.

பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். தக்கோலத்தில் அவன் காட்டிய வீரத்தை மெச்சி, 'என்ன வேண்டும், கேள்' என்றார்கள். அவன் ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது ஒரு நாயை! காளி என்ற பெயருடைய வேட்டைநாய் அது. அதைக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் பெலத்தூருக்கு அருகே குன்றுப் பக்கம் பெரிய காட்டுப் பன்றி ஒன்று தென்பட்டது. காளியை அவிழ்த்து விட்டார்கள். நாயும் பன்றியும் மோதின. நாய் விடவில்லை. பன்றியும் விடவில்லை. இரண்டுமே செத்தன.

மணலேரன் ஆதகூர்ச் சள்ளேசுவரர் கோயில் முன்பு காளிக்குக் கல் நட்டான். கல்லின் பராமரிப்புக்கு நிலமும் விட்டான். அதோடு ஒரு நிபந்தனையையும் வெட்டி வைத்தான். அந்த நிலத்தை அனுபவிக்கும் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அந்த நாயின் பாவம் அவனைச் சேரும்! நிலத்தை அழித்தவர்களுக்கும் அதே பாவம்தான்.

சோழ இளவரசன் மாண்ட பெரிய செய்தியும் இந்தக் கல்லில்தான் இருக்கிறது. பூதுகனுக்குப் பரிசாகக் கிடைத்த நாடுகளின் பட்டியலும் இருக்கிறது. சரித்திரப் பாடநூல்கள் தக்கோலப் போரைப் பற்றி எழுதும்போது இந்தக் கல்லையே சாட்சிக்கு அழைக்கின்றன. ஆனால் கல் நட்டது அதற்காக அல்ல. ஒரு நாய் செத்துவிட்டதே என்ற துக்கத்துக்காக நட்டார்கள். பேரரசர்கள் அந்தத் துக்கத்தின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

செங்கம் பக்கத்துக் கோவிவன்

நாய்க்கு மரியாதை செய்தது கங்க நாடு மட்டும் அல்ல. அதற்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு செய்திருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்க காலம். கருந்தேவகத்தி என்ற வீரன் மாடுகளைக் காக்கும் சண்டையில் மாண்டான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். எசமானன் விழுந்த பிறகும் அது ஓடவில்லை. கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காவல் நின்றது. கல்லில் வீரனுக்குப் பின்னால் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; அதன் பெயரும் எழுத்தில் இருக்கிறது.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் முழுவதும் நடுகற்கள் நிறைந்தவை. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் அவற்றில் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் இந்த மாவட்டங்கள்தான். ஊருக்குப் போகும்போது கும்பிட்டுவிட்டு வரும் 'வேடியப்பன்' யார் என்று அவர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். வேடியப்பன் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தால், உள்ளே தெய்வமாக நிற்பது பல இடங்களில் வில்லேந்திய நடுகல்தான்.

கை உயர்த்திய பெண்

வீரகல்லுக்குப் பக்கத்தில் சில இடங்களில் வேறு ஒரு வகைக் கல்லும் தென்படும். ஒரு கம்பம், கம்பத்திலிருந்து முழங்கை மடங்கி உயர்ந்த ஒரு பெண்ணின் கை, அதில் உடையாத வளையல்கள். இதை 'மாஸ்திகல்லு' என்கிறார்கள். 'மகாசதி' என்ற சொல்தான் 'மாஸ்தி' என்று மருவியது. கணவனோடு தீயில் மாண்ட பெண்ணுக்கு நட்ட கல் அது.

மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன்கோட்டைப் பக்கத்தில் உள்ள பெலத்தூரில் 1057-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. அப்போது அந்தப் பகுதி சோழர் ஆட்சியில் இருந்தது. ஏசன் என்பவன் தலக்காட்டில் கொல்லப்பட்டான். செய்தி கேட்ட அவன் மனைவி தேகப்பே தீயில் இறங்கத் துணிந்தாள். பெற்றோரும் உறவினரும் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. இதையெல்லாம் கன்னடச் செய்யுளாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கொடிய வழக்கத்தைப் பெருமை என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டால், பெற்றவர்கள் கெஞ்சினார்கள் என்பதும் தெரியாமல் போயிருக்கும்.

மாலூருக்கு அப்பால் மாஸ்தி என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கு அந்தப் பெயர் வந்தது இத்தகைய மகாசதி வழிபாட்டால் என்கிறார்கள். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச அய்யங்காருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்த ஊர்தான். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, கன்னடத்தில் எழுதி, 1983-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்றவர் அவர்.

கதை காத்த கல்

இத்தனை நூற்றாண்டுகளாக இந்தக் கற்களைக் காத்தது எது? சட்டம் அல்ல, காவலாளும் அல்ல. பல ஊர்களில் காத்தது கதைதான்!

எழுத்து மாறியது. பழைய கன்னட எழுத்தும் வட்டெழுத்தும் கிராமத்துக்காரர்களுக்குப் புரியாமல் போயின. கிட்டய்யா யார், கருந்தேவகத்தி யார் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் கல் நிற்கிறது. கையில் ஆயுதத்தோடு யாரோ நிற்கிறான். ஊர் அவனுக்குப் புதுப்பெயர் வைத்தது. ஓரிடத்தில் அவன் வேடியப்பன், மற்றோரிடத்தில் வீரபத்திரன். வளையல் கை மாஸ்தியம்மா ஆயிற்று.

சரித்திரப்படி பார்த்தால் இவை தவறுதான். ஆனால் அந்தத் தவறுதான் கல்லைக் காத்தது. மஞ்சள் பூசிய கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டு போட எவனுக்கும் கை வராது. பொங்கல் வைக்கும் கல்லின் மேல் துணி துவைக்க எவளுக்கும் மனம் வராது. பெயர் போனாலும் மரியாதை போகவில்லை.

கேடு செய்த கதைகளும் உண்டு. கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்ற பேச்சு அப்படிப்பட்டது. அதை நம்பி இரவில் வந்து கல்லைச் சாய்த்துக் குழி தோண்டியவர்கள் உண்டு. குழியில் இருந்தது மண். மேலே கிடந்தது உடைந்த கல். உண்மையான புதையல் அந்த எழுத்துகள்தான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

கட்டடம் வந்தது, கல் போனது

பெங்களூரில் பிறந்து தமிழர்களுக்கும் கன்னடர்களுக்கும் பேருதவி செய்த வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்பது அவர் பெயர். 1837-ல் பெங்களூரில் பிறந்தவர். மைசூர் சமஸ்தானம் முழுவதும் ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கு உரிய ஒன்பதாம் தொகுதி 1905-ல் வெளியாயிற்று.

அந்தத் தொகுதியைப் புரட்டினால் கன்னடத்தோடு தமிழும் நிறைய இருப்பதைக் காணலாம். தொமலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அந்த ஊருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற அழகான பெயரும் இருந்ததைச் சொல்கின்றன. இன்று தொமலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரைஸ் குறித்து வைத்த கற்களில் பல, இன்று இருந்த இடத்தில் இல்லை. ஏரி லே-அவுட் ஆயிற்று. வயல் அடுக்குமாடி வீடு ஆயிற்று. சாலை அகலமாயிற்று. வழியில் நின்ற கல் ஜல்லியோடு ஜல்லியாகப் போயிற்று. அல்லது அஸ்திவாரத்துக்குள் மறைந்தது. காரணம் வெறுப்பு அல்ல, அறியாமைதான். பழைய ஊர்க்காரர்களுக்குக் கல்லைப் பற்றி ஒரு கதையாவது தெரியும். நிலத்தை விற்றுவிட்டு அவர்கள் போனபோது கதையும் போய்விட்டது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது வெறும் கல்.

நல்ல வேளையாக, விழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் சாதாரணக் குடிமக்கள் சிலர், விடுமுறை நாட்களில் ரைஸின் பழைய தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, சந்து சந்தாகப் போய்க் கற்களைத் தேடினார்கள். சாக்கடை ஓரத்தில் கிடந்தவற்றை மீட்டார்கள். கிட்டய்யாவின் கல்லுக்கு ஹெப்பாலில் ஒரு மண்டபம் எழுந்தது. 1909-ல் தோன்றிய பெங்களூர் மிதிக் சொசைட்டி, கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. கல் தேய்ந்தாலும், தொலைந்தாலும், எழுத்து பிழைக்கும்.

செய்யக் கூடியது என்ன?

இதற்கெல்லாம் பெரிய படிப்பு தேவை இல்லை. குடியிருக்கும் தெருவிலோ, வேலை நடக்கும் இடத்திலோ, சொந்த ஊர் ஏரிக்கரையிலோ உருவமோ எழுத்தோ உள்ள கல் தென்பட்டால், முதலில் அதை நகர்த்தாமல் இருக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்பதும் சரித்திரம்தான். கட்டட வேலையில் மண் தோண்டும்போது கிடைத்தால், மேஸ்திரியிடம் சொல்லி வேலையைச் சற்று நிறுத்தி, தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தகவல் கொடுக்கலாம். பெங்களூரில் மண்வெட்டி பிடிக்கும் கைகளில் தமிழ்க் கைகள் எத்தனையோ. பூமிக்குள் இருந்து வரும் கல்லை முதலில் பார்க்கப் போவது அந்தக் கைகளுக்கு உரியவர்கள்தான்.

கும்பிடும் கல்லாக இருந்தால் கும்பிடலாம்; தவறே இல்லை. ஆனால் பக்தி மிகுதியில் எனாமல் பெயிண்ட் அடித்தால் எழுத்துகள் அடைபட்டுவிடும். சிமெண்ட் பூசினால் கல்லின் பாதி மறைந்துவிடும். எழுத்தின் மேலேயே கற்பூரம் கொளுத்தினால் கல் பொரிந்து உதிரும். மஞ்சளும் பூவும் போதும்.

இன்னொரு காரியமும் உண்டு. அது செலவில்லாதது. ஊருக்குப் போகும்போது, அங்கே நிற்கும் கல்லைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அவர்கள் சொல்லும் கதை சரித்திரத்தோடு ஒத்துப் போகாமல் இருக்கலாம். பரவாயில்லை. கல்லின் எழுத்தை ஆராய்ச்சியாளர் படித்துக்கொள்வார். பாட்டி சொல்லும் கதையைப் பாட்டி போன பிறகு யாரும் படிக்க முடியாது.

ஆதகூர்ப் பூசாரி கல்லைக் கும்பிடாமல் சாப்பிடக் கூடாது என்று ஆயிரத்து எழுபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்தார்கள். காளிக்கு விட்ட நிலத்தில் இன்று எந்தப் பூசாரியும் பயிர் செய்யவில்லை. கல்லும் ஊரை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டது, பிழைக்க வந்தவர்களைப் போலவே. ஆனாலும் அந்த நாயின் பெயர் மறையவில்லை. காளி என்று எழுதி வைத்திருந்தார்கள். படிக்க ஆள் இருந்தது.

ஹெப்பாலில் அடுத்த முறை பஸ் நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் கிட்டய்யாவைப் பற்றிச் சொல்லலாம். எப்படியும் பஸ் கிளம்ப நேரமாகும்!